பாதி கேட்ட அழைப்புக்குறி

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, தொழில்நுட்பமா ஏதாவது பேசு, ஆனா இருபது நிமிஷத்தைத் தாண்டாதே, சாப்பாடு ஆறிடும்" என்றார். நான் பிழைப்புக்குச் செய்யும் வேலையைப் பற்றிப் பேசினால் பத்து நிமிஷத்திலேயே பாதிப் பேர் பந்திக்குப் போய்விடுவார்கள். ஆகவே, சனி ஞாயிறுகளில் நான் செய்துவரும் ஒரு வேலையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஹாம் ரேடியோக்காரர்களின் அழைப்புக்குறிகளை இணையத்தில் தேடித் தரும் ஒரு டைரக்டரி. ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்துவது. அதில் தேடும் பகுதியைச் சீர்செய்வது என் பங்கு.

ஹாம் ரேடியோ தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. அமெச்சூர் ரேடியோ என்றும் சொல்வார்கள். தேர்வு எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோ நிலையம் வைத்து உலகம் முழுக்கப் பேசும் பொழுதுபோக்கு. லைசென்ஸோடு ஒரு அழைப்புக்குறி கிடைக்கும். ஆகாயத்தில் நம் பெயர் அதுதான். முதல் எழுத்துகள் நாட்டைச் சொல்லும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நாடுகளுக்கு எழுத்துகளைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. இந்திய ஹாம்களுக்கு வழக்கமாக வி.யு.2, வி.யு.3. அந்தமானுக்கு வி.யு.4, லட்சத்தீவுக்கு வி.யு.7. இலங்கைக்கு 4எஸ்7, சிங்கப்பூருக்கு 9வி1. ராஜீவ் காந்தி அவர்கள் ஒரு ஹாம். அவருடைய குறி வி.யு.2 ஆர்.ஜி. பிரதமராக இருந்தாலும் ஆகாயத்தில் அவர் அதுதான்.

ஒருவரோடு பேசி முடித்தபின் அவர் பெயர் என்ன, ஊர் எது, அட்டை அனுப்ப முகவரி எது என்று பார்க்க டைரக்டரி வேண்டும். முன்பெல்லாம் கால்புக் என்று டெலிபோன் டைரக்டரி போலக் கனத்த புத்தகம் வந்தது. 1990-களில் அது குறுந்தகட்டுக்கு வந்து, பிறகு கியூ.ஆர்.இஸட் போன்ற இணைய டைரக்டரிகளாக மாறியது. அமெரிக்காவில் தொலைத்தொடர்பு ஆணையமே ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெச்சூர் லைசென்ஸ்களின் விவரத்தை யாரும் இறக்கிக்கொள்ளும்படி கோப்பாகத் தருகிறது. இது கையில் இருக்கும்போது டைரக்டரி கட்டுவதில் என்ன கஷ்டம்? குறியைத் தட்டினால் பக்கம் வரப்போகிறது, அவ்வளவுதானே?

முழுக் குறியும் சரியாகத் தெரிந்தால் அவ்வளவுதான். தெரியாவிட்டால்தான் கதை.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். எங்கள் வட்டாரத்து ஹாம்கள் எல்லோருக்கும் அவர் 'மாமா'. அவர்தான் ஒருநாள் கேட்டார்: "ஏம்ப்பா, உங்க டைரக்டரியில முழுசா தெரிஞ்சாத்தான் சொல்லுவேன்னு அடம்பிடிக்குதே. முழுசா தெரிஞ்சா நான் ஏன் உங்கிட்ட வரேன்? இரைச்சல்ல வி.யு.2-ன்னு கேட்டுது, கடைசில கிலோன்னு கேட்டுது, நடுவுல ஒரு எழுத்து போச்சு. அதைக் கண்டுபிடிச்சுக் குடுக்க முடியாதா?"

நியாயமான கேள்வி. ரேடியோவில் குறி எப்போதும் அரைகுறையாகத்தான் வந்து சேரும். சிக்னல் ஏறும், இறங்கும். பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்கு இரையும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். கூட்டமாகப் பேசும் நெட்டுகளில் பலர் கடைசி இரண்டு எழுத்தை மட்டுமே சொல்லிக் கூப்பிடுவார்கள். இப்படி வருகிற துண்டை வைத்துத் தேட முடியாத டைரக்டரி, ஹாம்களின் காதுக்கு ஏற்றதாக இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

முதலில் சுலபமான பகுதி. கணினி அட்டவணை என்பது அகராதி மாதிரி. முதல் எழுத்து தெரிந்தால் சட்டென்று புரட்டலாம். கடைசி எழுத்து மட்டும் தெரிந்தால் அகராதி முழுவதையும் படிக்க வேண்டியதுதான். அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: ஒவ்வொரு குறியையும் தலைகீழாகத் திருப்பி எழுதி இன்னொரு அட்டவணை வைத்துக்கொள்வது. கடைசி எழுத்து அங்கே முதல் எழுத்தாகிவிடும்.

நடுவில் ஓட்டை விழுந்தால்? அழைப்புக்குறி சின்னது என்பது இங்கே நமக்குச் சாதகம். ஆறு எழுத்துக் குறியில் ஒவ்வோர் இடத்தையும் ஒருமுறை மறைத்தால் ஆறு சாவிகள் கிடைக்கும். ஏதேனும் இரண்டு இடங்களை மறைத்தால் பதினைந்து. பத்து லட்சம் குறிகள் என்று வைத்துக்கொண்டால் ஒற்றை மறைப்புக்கு 60 லட்சம், இரட்டை மறைப்புக்கு ஒன்றரைக் கோடி. இன்றைய சாதாரண மடிக்கணினியின் நினைவகத்தில் இது அடங்கிவிடும். மூன்றாம் ஆண்டில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படிக்கும் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதிவிடலாம். போட்டிகளில் பங்கேற்பவர்கள் சூப்பர் செக் பார்ஷியல் என்ற கோப்பை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட இதே காரியத்தைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். ஆனால் போட்டிகளில் அடிக்கடி வருபவர்களின் குறிகள்தான் அதில் இருக்கும்.

இனி உள்ளே நுழைவோம். மறைந்துபோன எழுத்தை விடத் தப்பாகக் கேட்ட எழுத்துதான் அதிகத் தொல்லை. வேர்ட் பிராசசர் எழுத்துப்பிழை திருத்துகிற மாதிரி, எந்த எழுத்தும் எந்த எழுத்தாகவும் மாறலாம் என்று இங்கே கணக்குப் போட்டால் நூறு விடை வரும், ஒன்றுக்கும் உதவாது. காது எப்படித் தப்புச் செய்கிறதோ அந்த வழியில்தான் கணக்குப் போட வேண்டும்.

மோர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ் என்பது மூன்று புள்ளி, எச் நான்கு, 5 என்ற எண் ஐந்து. வேகமாக அடித்தால் மூன்றா நான்கா என்று அடித்தவருக்கே சந்தேகம் வரும். வி என்பது மூன்று புள்ளி, ஒரு கோடு. 4 என்பது நான்கு புள்ளி, ஒரு கோடு. ஆக, நம்முடைய வி.யு. என்ற முன்னொட்டில் ஒரு புள்ளி கூடிவிட்டால் 4யு. ஆகிவிடும். 4யு. யாருக்குச் சொந்தம் தெரியுமா? ஐக்கிய நாடுகள் சபைக்கு! நியூயார்க் தலைமையகத்து நிலையத்தின் குறி 4யு1 யு.என். ஒரு புள்ளியில் இந்தியா ஐ.நா.வாகிவிடுகிறது. இடைவெளி பிசகினால் இன்னும் வேடிக்கை. ஒரு கோடு, நான்கு புள்ளி சேர்ந்தால் 6. கோட்டுக்குப் பின் சற்று நின்றுவிட்டால் அதே ஒலி 'டாங்கோ, ஹோட்டல்' என்று இரண்டு எழுத்தாகக் கேட்கும். எழுத்துகளை ஒப்பிட்டால் இவற்றுக்குள் சம்பந்தமே இல்லை. ஆகவே இரண்டு குறிகளையும் புள்ளி கோடாக மாற்றி, எழுத்து இடைவெளியை மறந்துவிட்டு, அந்த இரண்டு சரங்களுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். டைரக்டரியில் 'மோர்ஸில் கேட்டேன்' என்று ஒரு பொத்தான் வைத்து இதைச் செய்திருக்கிறோம். மாமாவுக்குப் பிடித்த பொத்தான் அதுதான்.

குரலில் பேசும்போது குழப்பம் வேறு மாதிரி. ஆங்கில எழுத்துகளில் பல, 'ஈ' என்று முடிபவை. எம்மும் என்னும் ஒன்றாகக் கேட்கும், எஃப்பும் எஸ்ஸும் ஒன்றாகக் கேட்கும். அதற்காகத்தான் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று வார்த்தைகளாகச் சொல்லும் முறை வந்தது. நமக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. இந்த உரையை மலரில் அச்சிடத் தமிழில் எழுதும்போதே கவனித்தேன். ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாவது எழுத்தையும் பதினாறாவது எழுத்தையும் தமிழில் எப்படி எழுதுவீர்கள்? இரண்டும் 'பி'. நான்காவதும் இருபதாவதும்? இரண்டும் 'டி'. ஆக வி.யு.2-க்குப் பின் 'பி.டி.' என்று நான் எழுதினால் அது நான்கு வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம். இந்தப் பக்கத்தில் உதாரணக் குறிகள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிராவோவா பாப்பாவா, டெல்டாவா டாங்கோவா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளும் பழக்கம் வேறு யாரையும் விட நமக்கு அவசியம். பேப்பரில் தமிழில் குறித்துவைத்துவிட்டுப் பிறகு தட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்த நான்கு எழுத்துகளும் தேடலில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும்படி செய்திருக்கிறோம்.

கண் செய்கிற தப்பும் உண்டு. பூஜ்யத்தின் குறுக்கே கோடு போட்டு எழுதுவது ஹாம்களின் வழக்கம். சிலர் கணினியிலும் அதே மாதிரி வேண்டும் என்று, டென்மார்க், நார்வேக்காரர்கள் பயன்படுத்தும் கோடு போட்ட 'ஓ' எழுத்தைப் பூஜ்யத்துக்குப் பதிலாகத் தட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். கணினிக்கு அது வேறு எழுத்து. 'இப்படி ஒரு குறியே இல்லை' என்று கையை விரித்துவிடும். தேடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே சீராக்கிக்கொள்வது முதல் வேலை: சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது, காலி இடத்தை நீக்குவது, கோடு போட்ட ஓவைப் பூஜ்யமாக்குவது.

சாய்கோடு அடுத்த தலைவலி. ஊர் விட்டு ஊர் போனால் குறியோடு ஒட்டு சேர்ப்பார்கள். இங்கிருந்து ஒருவர் கொழும்பு போய் அங்கே அனுமதி பெற்றுப் பேசினால், 4எஸ்7 சாய்கோடு, அப்புறம் தன் சொந்தக் குறி. காரில் போனால் பின்னால் சாய்கோடு எம். கப்பலில் போனால் சாய்கோடு எம்.எம். பழைய நிரல் சாய்கோட்டைக் கண்டதும் முழுவதையும் ஒரே பெயராகப் பாவித்து 'இல்லை' என்றது. சரி, ஒட்டையெல்லாம் வெட்டி எறியலாமா என்றால் அதுவும் கூடாது. எம்.எம். என்பது ஸ்காட்லாந்துக்காரர்களின் முன்னொட்டும்கூட! குறிக்கு முன்னால் வந்தால் அவர் ஸ்காட்லாந்தில் இருக்கிறார், பின்னால் வந்தால் நடுக்கடலில் இருக்கிறார். ஏ.எம்.மும் அப்படியே. முன்னால் வந்தால் ஸ்பெயின், பின்னால் வந்தால் ஆகாய விமானம். ஒரே இரண்டு எழுத்து, இடம் மாறினால் ஆள் மலையிலிருந்து தண்ணீருக்குப் போய்விடுகிறார். எந்தத் துண்டு ஆளைச் சொல்கிறது, எது இடத்தைச் சொல்கிறது என்று பிரித்து, ஆளின் பக்கத்தைத் திறந்து, இடத்தைத் தலைப்பில் காட்ட வேண்டும்.

முன்னொட்டைப் பார்த்து நாட்டைச் சொல்வதும் லேசான காரியம் இல்லை. கே.ஜி.4 என்று ஆரம்பித்துப் பின்னால் இரண்டே எழுத்து வந்தால் அது கியூபாவில் உள்ள குவாண்டனாமோ அமெரிக்கத் தளம். மூன்று எழுத்து வந்தால் சாதாரண அமெரிக்கர். இந்த மாதிரி விதிவிலக்குகளைப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. புத்திசாலித்தனமான நிரலை விடப் பொறுமையான பட்டியல் மேல்.

இப்போது பலர் எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறைக்குப் போய்விட்டார்கள். 2017-ல் வந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் 1993-ல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோசப் டெய்லர். அதில் ஒரு குறி 28 பிட்டுக்குள் அடைக்கப்படுகிறது. வழக்கமான வடிவில் அமைந்த குறிகள் எத்தனை சாத்தியம்? 37, 36, 10, பிறகு 27 மூன்று முறை, எல்லாவற்றையும் பெருக்குங்கள். 26 கோடியே 21 லட்சத்துச் சொச்சம் வரும். 28 பிட்டில் 26 கோடியே 84 லட்சம் எண்கள் அடங்கும். எவ்வளவு சிக்கனமாகப் பொருத்தியிருக்கிறார்கள் பாருங்கள்! இந்த முறையில் கணினி குறியை முழுதாகக் கொடுக்கும், இல்லாவிட்டால் வாய் திறக்காது. பாதி கேட்ட குறி என்ற பிரச்சினை அநேகமாக இல்லை. ஆனால் ஒரு அவசரத்தில், குரலில், இரைச்சலுக்கு நடுவே வரும் குறிக்கு அது உதவாது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு, வி.யு.4 குறியில் உலகத்தோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேர் போயிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி வந்தது. பொழுதுபோக்காகப் போன நிலையம் தகவல் தொடர்பு நிலையமாக மாறியது. அந்த மாதிரி நாளில் யார் எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்பதைத் துண்டு துண்டாகக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

இனி எங்களுக்குள் வாக்குவாதம் நடந்த விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு கணக்கும் போட்டபின் ஒரே ஒரு விடை மற்றவற்றை விட மிகப் பொருத்தமாக இருக்கிறது என்று வையுங்கள். நேராக அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிடலாமா? நண்பர்கள் சிலர், "காட்டிடலாம், எல்லாத் தேடுபொறியும் அப்படித்தானே செய்யுது" என்றார்கள். நான் கூடாது என்றேன், இன்றும் அதையே சொல்கிறேன். கடையில் சோப்பு தேடுபவருக்கு வேறு சோப்பு காட்டினால் நஷ்டமில்லை. இங்கே தேடுபவர் அடுத்த நிமிஷம் அந்தக் குறியைத் தன் பதிவேட்டில் எழுதப் போகிறார். டைரக்டரியே சொன்னபின் அவருக்குச் சந்தேகம் போய்விடும். கேட்டது நம் காதா, கணினியின் ஊகமா என்பது பதிவேட்டில் தெரியாது. ஆறு மாதம் கழித்து அட்டை அனுப்புவார். 'எங்கள் பதிவேட்டில் இல்லை' என்று முத்திரை குத்தித் திரும்பி வரும். உண்மையில் பேசியவர் அட்டைக்காகக் காத்துக்கொண்டே இருப்பார். ஆகவே வாய்ப்புள்ளவர்களை வரிசையாகக் காட்டுகிறோம். எந்த எழுத்தை நாங்கள் மாற்றி ஊகித்தோமோ அதை வேறு நிறத்தில் காட்டுகிறோம். தேர்ந்தெடுப்பது கேட்டவர் பொறுப்பு.

வரிசை என்றால் யார் முதலில்? அதிகம் பேசுபவர், பிரபலமானவர் முதலில் வரட்டும் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர் ஒருவர் போன வாரம்தான் லைசென்ஸ் வாங்கினார் என்று வையுங்கள். அவருடைய குறி ஒரு புகழ்பெற்ற குறியிலிருந்து ஒரே எழுத்தில் வேறுபடுகிறது. அவர் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு முதல் முறை கூப்பிடுகிறார். டைரக்டரி எல்லோருக்கும் 'அது அந்தப் பிரபலம்தான்' என்று சொல்லிக்கொடுக்கிறது. புதியவர் எத்தனை முறை கூப்பிட்டாலும் அவர் அவராகவே பதிவாக மாட்டார். அதனால் ஒலி நெருக்கத்துக்கே முதலிடம். எந்த அலைவரிசை, என்ன நேரம் என்று கொடுத்தால் அதையும் சேர்த்துக்கொள்கிறோம். நண்பகலில் 40 மீட்டரில் கேட்டது பெங்களூராக இருக்கவே வாய்ப்பு அதிகம், பிரேசிலாக அல்ல. ஆனால் அதற்காகப் பிரேசில்காரரைப் பட்டியலிலிருந்து தூக்குவதில்லை, கீழே தள்ளுவதோடு சரி.

காலத்தையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் 1996 முதல் விரும்பிய குறியைக் கேட்டு வாங்கலாம். ஒருவர் காலமாகிச் சில ஆண்டுகள் கழித்து அவர் குறி இன்னொருவருக்குப் போகலாம். ஹாம்கள் மறைந்தவரை 'சைலன்ட் கீ' என்பார்கள், சாவி ஓய்ந்துவிட்டது என்று பொருள். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த அட்டையை வைத்துக்கொண்டு ஒரு அம்மா எங்களுக்கு எழுதினார், "எங்க அப்பா குறியைப் போட்டா யாரோ ஒரு பையன் பேர் வருதே" என்று. தேடலோடு ஆண்டையும் கேட்டு, அந்த ஆண்டில் அது யாருடையதாக இருந்ததோ அவரைக் காட்ட வேண்டும். இதை இன்னும் முழுதாகச் செய்து முடிக்கவில்லை, பழைய விவரங்கள் கைக்குக் கிடைப்பதைப் பொறுத்தது.

பெயரை வைத்துத் தேடுவது பற்றி ஒரு வார்த்தை. படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நம்மவர்களுக்கு இனிஷியல்தான் உண்டு, கடைசிப் பெயருக்கு எங்கே போவது? சவுண்டெக்ஸ் என்ற ஒலிமுறை 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது, ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்தது. அதில் நம் 'ழ' படும் பாடு சொல்லி மாளாது. 'தமிழ்' என்ற சொல்லையே ஆங்கிலத்தில் இஸட், எச் போட்டு எழுதினால் ஒரு குறியீடு, எல் போட்டு எழுதினால் வேறு குறியீடு. நம் ஊர்ப் பெயர்களுக்குத் தனி விதிகள் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்கே தனியாக ஒரு உரை வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பாதி தெரிந்தால் போதும் என்று கதவைத் திறந்துவைத்தால் நல்லவர்கள் மட்டுமா வருவார்கள்? வெறும் வி.யு.2 என்று தட்டி நாட்டிலுள்ள எல்லா ஹாம்களின் வீட்டு முகவரியையும் வாரிக்கொண்டு போகலாம். பல வீடுகளில் விலை உயர்ந்த சாதனம் இருக்கிறது, சில வீடுகளில் வயதானவர் தனியாக இருக்கிறார். அதனால் முன்னொட்டு நீங்கலாகக் குறைந்தது ஒரு எழுத்தாவது தெரிய வேண்டும், ஒரு தேடலுக்கு இருபது விடைக்கு மேல் வராது, பட்டியலில் பெயரும் ஊரும் மட்டும்தான். முகவரி வேண்டுமானால் உறுப்பினராக உள்ளே வர வேண்டும். இது இடைஞ்சல் என்று எங்களைத் திட்டுபவர்கள் உண்டு. திட்டட்டும்.

மாணவர்களிடம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தமிழ்க் காது எந்த எழுத்தை எந்த எழுத்தாகக் கேட்கிறது என்பதை இதுவரை நாங்கள் அனுபவத்தை வைத்து ஊகித்துத்தான் போட்டிருக்கிறோம். அளந்து பார்க்க வேண்டும். இரைச்சலோடு பதிவு செய்த ஐம்பது குறிகளும் நான்கு ஹெட்போனும் கொண்டு வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு கம்யூனிகேஷன் லேபில் உட்கார்ந்திருப்பேன், சார் சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆளுக்குப் பத்து நிமிஷம், கேட்டதைக் கேட்டபடி பேப்பரில் எழுதிக் கொடுத்தால் போதும். பேராசிரியர்களும் வரலாம், ஹாம் ரேடியோ தெரியாதவர்கள் வந்தால் இன்னும் நல்லது.